தூங்கும் குழந்தையை எழுப்பிச் சாப்பாடு கொடுக்கலாமா?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒன்று பாதி கடிதமாகவும் பாதி பஞ்சாயத்தாகவும் இருந்தது. எழுதிய சகோதரிக்கு இரண்டரை வயதில் ஒரு பையன். சாயங்காலம் முழுக்க ஓடியாடிவிட்டு ஏழு மணிக்கெல்லாம் கூடத்திலேயே சுருண்டு படுத்துவிடுகிறானாம். இவர் சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு எழுப்பப் போனால் மாமியார் தடுக்கிறாராம். "தூங்கற குழந்தையை எழுப்பாதே. ஒரு வேளை சாப்பிடலேன்னா குடி ஒண்ணும் முழுகிடாது. வயிறு காலியா இருந்தா நல்லதுதான்." ஜுரம் வந்தாலும் அதே பாட்டு: "லங்கணம் பரம ஔஷதம்." கடிதத்தின் கடைசியில், "டாக்டரம்மா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நானா, என் மாமியாரா?" என்று கேட்டிருக்கிறார்.

மாமியார், மருமகள் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. ஆனால் இந்தக் கேள்வியைச் சும்மா ஒதுக்கவும் மனசு வரவில்லை. ராத்திரி பட்டினியாகத் தூங்கும் குழந்தையின் உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது என்பது பெரிய கதை. அந்தக் கதையில் ஒரு சின்ன என்ஸைம் இருக்கிறது. அது சரியாக இருக்கிறவரையில் மாமியார் சொல்வதில் பெரிய தப்பில்லை. அது கெட்டுப்போனால், விடிவதற்குள் குழந்தையை இழந்துவிடலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும், சிவப்பணு ஒன்றைத் தவிர, மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில்கூட இருக்கும். செல்லுக்கு அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சாப்பிடுவதெல்லாம் கடைசியில் அங்கேதான் போய், மூச்சில் வரும் பிராணவாயுவோடு சேர்ந்து எரிந்து சக்தியாகிறது. இதயம் துடிப்பதும், மூளை நினைப்பதும், குழந்தை அழுவதும் அந்தச் சூட்டில்தான்.

விறகடுப்பில் சமைத்துப் பழகியவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். காஸ் அடுப்பைத் தவிர வேறு பார்த்திராத இளம் தாய்மார்கள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓலையும் சுள்ளியும் போட்டால் அடுப்பு குப்பென்று பிடிக்கும், சீக்கிரம் அணைந்தும்விடும். நின்று எரிய வேண்டுமானால் கட்டை வேண்டும். ஆனால் கட்டையை அப்படியே அடுப்பில் திணிக்க முடியுமா? வெட்டித்தான் போட வேண்டும்.

உடம்பில் சர்க்கரைதான் சுள்ளி. கொழுப்புதான் கட்டை. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட சாதம் சர்க்கரையாகி ரத்தத்தில் ஓடுகிறது. மிஞ்சியதைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. நடுராத்திரியில் ரத்தத்தில் சர்க்கரை இறங்க ஆரம்பித்தால் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடும். பெரியவர்களுக்கு இந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். சின்னக் குழந்தைக்கு அவ்வளவு தாங்காது. கல்லீரல் சின்னது, ஆனால் உடம்பைப் பார்க்கும்போது மூளை பெரிது. சர்க்கரைக்கு மூளையைப் போல ஆலாய்ப் பறக்கும் உறுப்பு வேறு கிடையாது.

சேமிப்பு தீரும் சமயத்தில்தான் உடம்பு கட்டைக்குத் தாவுகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் வருகிறது. இதயமும் தசையும் சர்க்கரையை விட்டுவிட்டுக் கொழுப்பை எரிக்கின்றன. கல்லீரல் கொழுப்பை எரித்து வரும் சக்தியில் புதிதாகச் சர்க்கரை செய்கிறது. கீட்டோன் என்ற ஒரு பொருளையும் செய்து மூளைக்கு அனுப்புகிறது. மூளைக்குக் கொழுப்பை நேரே எரிக்கத் தெரியாது, கீட்டோனை எரிக்கும். ஆக, கொழுப்பு ஒழுங்காக எரிந்தால் சர்க்கரை இரண்டு வழியில் மிச்சமாகிறது. செல்லின் வரவு செலவு இப்படித்தான் ராத்திரி முழுக்க சரிக்கட்டப்படுகிறது. காலையில் குழந்தை கண் திறந்து "அம்மா, பால்" என்கிறது. இவ்வளவு நடந்தது நமக்குத் தெரிவதே இல்லை.

இப்போது கட்டையை வெட்டும் வேலைக்கு வருகிறேன். நம் கொழுப்பில் அதிகமாக இருப்பவற்றில் ஒன்று பால்மிட்டிக் அமிலம். 16 கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி அது. மைட்டோகாண்ட்ரியா அதை நுனியிலிருந்து இரண்டிரண்டு கார்பனாக நறுக்குகிறது. 7 வெட்டு, 8 துண்டு. நீளக் கட்டைக்குப் பெரிய கோடாலி. கட்டை குறுகி ஏறக்குறைய 12 கார்பனிலிருந்து 6 வரை வந்துவிட்டால் பெரிய கோடாலிக்கு அது பிடிபடாது, கைக்கோடாலி வேண்டும். அதற்கும் சின்னதாகிவிட்டால் அரிவாள். இந்த நடுக் கைக்கோடாலிதான் நான் சொல்ல வந்த என்ஸைம். முழுப் பெயர் மீடியம் செயின் அசைல் கோ-ஏ டிஹைட்ராஜினேஸ். பயப்படாதீர்கள், டாக்டர்களே அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "எம்-கேட்" என்று சுருக்கிவிட்டார்கள்.

எம்-கேட் தனியாக வேலை செய்வதில்லை. நாலு பிரதிகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்தால்தான் அது என்ஸைம். ஒவ்வொன்றின் மடியிலும் பி-2 வைட்டமினிலிருந்து பிறந்த ஒரு மூலக்கூறு இருக்க வேண்டும். பால், முட்டை, கீரை சாப்பிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த என்ஸைமைச் செய்வதற்கான குறிப்பு எழுதியிருக்கும் ஜீனுக்கு ஏ.சி.ஏ.டி.எம். என்று பெயர். நம் 1-ஆம் நம்பர் குரோமோசோமின் குட்டைக் கையில் அது இருக்கிறது. குறிப்பின்படி 421 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம் செல்லின் வெளிப்பகுதியில் தயாராகி, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிறது. உள்ளே போனதும் முன்னால் இருக்கும் 25 வெட்டி எறியப்படுகிறது. அந்த 25 உள்ளே போவதற்கான சீட்டு மாதிரி. வேலை முடிந்ததும் கிழித்துவிடுகிறார்கள்.

குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்? 985-ஆவது இடத்தில் 'ஏ' இருக்க வேண்டும். அங்கே 'ஜி' வந்துவிட்டால் லைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக குளூட்டாமிக் அமிலம் வந்து உட்காருகிறது. ஒன்றுக்கு ஒன்று எதிர் மின்சாரம் உள்ளவை. புரதம் சரியாக மடிவதில்லை, நாலும் பொருந்தி உட்காருவதில்லை, பாதி வழியிலேயே செல் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறது. வட ஐரோப்பிய வம்சத்தில் வந்த நோயாளிக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த ஒரே எழுத்துப் பிழைதான் என்று 1990-ல் கண்டுபிடித்தார்கள்.

இப்படிப் பிறக்கும் குழந்தையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கொழுகொழுவென்று இருக்கும். மூன்று மணிக்கொரு தரம் பால் குடிக்கும் வரையில் அதற்குக் கட்டையே தேவையில்லை, சுள்ளியிலேயே காலம் ஓடிவிடும். ராத்திரி முழுக்கத் தூங்கப் பழகும் சமயத்தில், அல்லது ஒரு சாதாரணச் சளி ஜுரம் வந்து இரண்டு வேளை சாப்பிடாமல் போகும்போது, முதல் முதலாகக் கட்டையை வெட்ட வேண்டி வருகிறது. பெரிய கோடாலி வெட்டித் தள்ளுகிறது. கைக்கோடாலி இல்லை. அரைகுறைத் துண்டுகள் அடுப்பு வாயில் குவிகின்றன. கீட்டோன் வரவில்லை. உடம்பு முழுக்க மிச்சமிருக்கும் கொஞ்சம் சர்க்கரை மேல் பாய்கிறது. குழந்தை வாந்தியெடுக்கிறது, சோர்கிறது, "நல்லாத் தூங்கறான், ஜுரம் விட்டுடுத்து" என்று வீட்டார் நிம்மதியாகப் படுக்கிறார்கள். அது தூக்கம் இல்லை, சர்க்கரை இல்லாத மூளையின் மயக்கம். இப்படி முதல் தடவை வரும் கண்டத்திலேயே நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒரு குழந்தை இறந்துபோயிற்று. நோய் பிறவியிலேயே தெரியாமலிருந்த காலத்துக் கணக்கு இது.

நான் படித்த காலத்துப் புத்தகங்களில் எம்-கேட் குறைபாடு என்ற வார்த்தையே கிடையாது. 1982, 83-ஆம் வருஷங்களில்தான் முதல் முதலாக இதை அடையாளம் கண்டு எழுதினார்கள். அதற்கு முன்னால் இந்தக் குழந்தைகளுக்கு வேறு வேறு பெயர். கொஞ்சம் பேருக்கு "ரை நோய்" என்று எழுதினார்கள். 1963-ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஒருவர் விவரித்த, மூளையும் கல்லீரலும் ஒன்றாகக் கெடும் வியாதி அது. இன்னும் கொஞ்சம் பேருக்குத் "தொட்டில் மரணம்", அதாவது காரணம் தெரியாத சாவு.

காரணம் தெரியாத சாவு என்று டாக்டர் எழுதினால் ஊர் அதை ஏற்றுக்கொள்ளுமா? காரணத்தை அது தானே கண்டுபிடித்துக்கொள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். ஊர், ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம். ஒன்றரை வயதுக் குழந்தை, இரண்டு நாள் வாந்தி, விடியற்காலையில் கட்டிலிலேயே போய்விட்டது. அதற்கு முன்னால் ஒரு குழந்தை அதே மாதிரி. "பால்ல என்னமோ கோளாறு, இவ கைராசி அப்படி" என்று அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவள் அழக்கூட இல்லை, சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தைகளுக்கு இருந்தது எம்-கேட்தான் என்று நான் இன்றைக்குச் சொல்ல முடியாது. வேறு பத்துக் காரணம் இருக்கலாம். ஆனால் பால் காரணம் இல்லை, கைராசியும் இல்லை என்று அன்றைக்கே நான் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆகவே ஒரு விஷயத்தை இப்போது உரக்கவே சொல்லிவிடுகிறேன். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும் வருகிறது என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். உண்மைதான். அதற்குள்ளே சொந்தமாகக் கொஞ்சம் டி.என்.ஏ. இருக்கிறது. 16,569 எழுத்துக்கள், 37 ஜீன்கள். 1981-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் அதை முழுக்கப் படித்தார்கள். அந்த 37-ம் அம்மா வழிதான். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் புரதங்கள் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் 13 தவிர மற்றதெல்லாம் செல்லின் நடுவில் இருக்கும் குரோமோசோம்களிலிருந்து வருகின்றன. எம்-கேட் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. இரண்டும் பழுதானால்தான் குழந்தைக்கு நோய். ஒன்று நன்றாக இருந்தால் போதும், நூறு வயசு ஆரோக்கியமாக வாழலாம். பெற்றவர்கள் இருவரும் அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருப்பார்கள். "மைட்டோகாண்ட்ரியா வியாதி, அப்போ பொண்ணு வீட்டுச் சீர்தான்" என்று யாராவது விஞ்ஞானம் பேசினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மாப்பிள்ளை வீட்டுப் பங்கு சரிபாதி.

அப்படிப்பட்ட தம்பதிக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் இரண்டாவதற்கு வராது என்று கணக்கு இல்லை. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கினால் இம்மாதிரி ஒளிந்திருக்கும் பழுதுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இது எம்-கேட்டுக்கு மட்டும் அல்ல, இந்த வகையில் வரும் எல்லா நோய்க்கும் பொருந்தும்.

சிகிச்சை என்ன தெரியுமா? கேட்டால் சிரிப்பீர்கள். பசியோடு விடாமல் இருப்பது. அவ்வளவுதான். ஒவ்வொரு வயதுக்கும் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் ஆகாரமில்லாமல் இருக்கலாம் என்று டாக்டர் கணக்குப் போட்டுத் தருவார். ஜுரமோ வாந்தியோ வந்தால் அந்தக் கணக்கு செல்லாது. உடனே சர்க்கரைப் பானம் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும், வாயில் தங்கவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்ற வேண்டும். எம்.சி.டி. எண்ணெய் கலந்த குழந்தை உணவுகள் ஆகாது. அதில் இருப்பது இந்தக் குழந்தை வெட்ட முடியாத நடுத்தரக் கட்டைதான். மற்றபடி பள்ளிக்கூடம், ஓட்டம், கல்யாணம் எல்லாம் உண்டு. இவ்வளவு பயங்கரமான நோய்க்கு இவ்வளவு எளிய மருந்து வேறு எதற்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் நோய் இருப்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மருந்தும் இல்லை.

தெரிந்துகொள்ளும் வழி 1990-களில் வந்தது. பிறந்து சில நாளான குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் ஒற்றி உலர்த்தி, ஒரு மெஷினில் கொடுக்கிறார்கள். அரைகுறையாக வெட்டப்பட்டு நிற்கும் 8 கார்பன் துண்டு அதில் அதிகமாகத் தெரிந்தால் எம்-கேட் பழுது என்று சந்தேகம். இங்கிலாந்தில் 2009-லிருந்து பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. அங்கே சுமார் 10,000-த்தில் ஒரு குழந்தைக்கு இந்தக் குறை இருக்கிறது. நம் நாட்டில் இது அதைவிட அபூர்வம். எல்லாக் குழந்தைக்கும் கட்டாயமாகச் செய்வது என்ற ஏற்பாடு நாடு முழுக்க இல்லை. சில ஆஸ்பத்திரிகளில் கேட்டால் செய்து தருகிறார்கள். வீட்டில் காரணம் தெரியாமல் குழந்தை இறந்த சரித்திரம் இருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். மறைக்காதீர்கள்.

"அபூர்வம் என்றால் எனக்கு எதற்கு இந்தக் கதை?" என்று கேட்கத் தோன்றும். ஜீனில் ஒரு பழுதும் இல்லாத குழந்தைகளுக்கே இந்த அடுப்பு அணைந்து போன இடம் நம் தேசத்திலேயே இருக்கிறது. பீகார் மாநிலத்தில் முஸாபர்பூர்.

லிச்சிப் பழத்துக்குப் பேர்போன ஜில்லா அது. 1990-களின் நடுவிலிருந்து வருஷா வருஷம் மே, ஜூன் மாதத்தில், லிச்சி பழுக்கும் சமயத்தில், அங்கே குழந்தைகள் சாக ஆரம்பித்தார்கள். முதல் நாள் சாயங்காலம் வரை தோப்பில் விளையாடிய குழந்தை, விடியற்காலம் மூன்று மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே ஒரே அலறலோடு வலிப்பு வந்து நினைவிழக்கும். மூளைக் காய்ச்சல் என்றார்கள், கிருமியைத் தேடினார்கள், வெயில் என்றார்கள், பூச்சி மருந்து என்றார்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான், இது கிருமியின் வேலையாகத் தெரியவில்லை என்று சொன்னவர்களில் ஒருவர். முகுல் தாஸ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, லிச்சியில் இருக்கும் ஒரு பொருள் மேல் சந்தேகப்பட்டு 2014-ல் எழுதினார்.

அந்த வருஷம் இந்திய, அமெரிக்க நோய்த் தடுப்பு நிபுணர்கள் சேர்ந்து ஆராய்ந்தார்கள். மே கடைசியிலிருந்து ஜூலை நடுவரை இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த குழந்தைகள் 390. இறந்தவர்கள் 122. ரத்தம் பார்த்தவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரை குறைவு. நோய் வந்த 104 குழந்தைகளையும் வராத 104 குழந்தைகளையும் ஒப்பிட்டதில், லிச்சி தின்றவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. லிச்சி தின்றுவிட்டு ராத்திரிச் சாப்பாடு சாப்பிடாமல் தூங்கியவர்களுக்கு அது இன்னும் பல மடங்கு. 2017-ல் இது வெளியாயிற்று.

லிச்சியில் ஹைபோகிளைசின் என்றும், அதன் தம்பி மாதிரி இன்னொன்றும் உண்டு. இவை உடம்பில் போய், கொழுப்பை வெட்டும் என்ஸைம்களின் வாயை அடைக்கின்றன. நம் கைக்கோடாலி எம்-கேட்டும் அதில் அகப்படுகிறது. ஹைபோகிளைசின் முதலில் பிடிபட்டது ஜமைக்கா தீவில், 1950-களில். அங்கே ஆக்கி என்ற பழத்தைக் காயாகத் தின்று குழந்தைகள் வாந்தியெடுத்துச் செத்தார்கள். ஆக்கியும் லிச்சியும் ஒரே குடும்பம். நாம் பட்டுப் புடவை அலசும் பூந்திக்கொட்டைகூட அந்தக் குடும்பம்தான் என்பது ஒரு வேடிக்கை.

லிச்சி விஷம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். வயிறாரச் சாப்பிட்ட குழந்தை நாலு லிச்சி தின்றால் ஒன்றும் ஆகாது. கல்லீரலில் சேமிப்பு இருக்கிறது, அது கட்டையைத் தேடுவதே இல்லை. முஸாபர்பூரில் இறந்தவர்கள் ஏழைக் குழந்தைகள். சேமிப்பு முன்னமே குறைவு. பகலெல்லாம் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டு, வயிறு நிறைந்தாற்போல ராத்திரி சாப்பாடு வேண்டாமென்று படுத்தவர்கள். அதிகாலையில் சுள்ளி தீர்ந்தது. கட்டையை வெட்டக் கோடாலி இல்லை. 2015-லிருந்து அந்த ஊர்களில் "குழந்தையை வெறும் வயிற்றோடு படுக்க வைக்காதீர்கள்" என்று சொல்லி வந்தார்கள். சாவு குறைந்தது. 2019-ல் மறுபடி நூற்றுக்கு மேல் குழந்தைகள் போனார்கள். எல்லாவற்றுக்கும் லிச்சி மட்டுமே காரணம் என்று எல்லா டாக்டர்களும் ஒப்புக்கொள்ளவில்லை, வெயிலையும் சத்துக் குறைவையும் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் ராத்திரிச் சாப்பாடு போடுவதற்கும் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் சர்க்கரை பார்ப்பதற்கும் யாரும் ஆட்சேபம் சொன்னதாக எனக்குத் தெரியாது.

கடிதம் எழுதிய சகோதரியிடம் வருகிறேன். உங்கள் மாமியார் சொன்ன லங்கணம், விருந்து சாப்பிட்டு வயிறு மந்தமான பெரியவர்களுக்குச் சொல்லலாம். அவர்களுக்கு அது சரிதான். ஜுரத்தில் கிடக்கும் குழந்தைக்கு அதைச் சொன்னவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஜுரத்தில் உடம்பு இன்னும் வேகமாகச் செலவழிக்கிறது, அப்போது வரவை நிறுத்தினால் எப்படி? கெட்டி ஆகாரம் இறங்காவிட்டால் பரவாயில்லை. கஞ்சி, சர்க்கரை போட்ட பால், இளநீர், பழரசம், எது இறங்குகிறதோ அது, ஸ்பூன் ஸ்பூனாக. பேதி இருந்தால் ஓ.ஆர்.எஸ். ஆறு மாதத்துக்குள் உள்ள சிசுவுக்குத் தாய்ப்பால் மட்டும், அதையும் அடிக்கடி. பிறந்த குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும். "பால் இன்னும் ஊறலை, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று ஒரு நாள் கடத்துவது எந்தக் குழந்தைக்கும் கெடுதல். எம்-கேட் பழுதோடு பிறந்ததாக இருந்தால் அந்த ஒரு நாளே போதும்.

உங்கள் பையன் நன்றாக வளர்கிறான், ஓடியாடுகிறான், இதுவரை ஒரு மயக்கமோ வலிப்போ இல்லை, சாயங்காலம் ஐந்து மணிக்கு இட்லியோ தோசையோ வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறான் என்றால் என்றைக்காவது ஒரு நாள் அப்படியே தூங்கிவிட்டதற்குப் பதற வேண்டாம். இந்த அளவில் உங்கள் மாமியார் ஜெயித்தார். மத்தியானத்துக்கு அப்புறம் ஒன்றுமே சாப்பிடவில்லை, அல்லது உடம்பு சுகமில்லை என்றால் எழுப்பத்தான் வேண்டும். தினமும் இதே தகராறு என்றால், ராத்திரிச் சாப்பாட்டை ஆறரை மணிக்கே மாற்றிவிடுங்கள். பெரியவர்களோடு சேர்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று குழந்தைக்கு என்ன விதி?

எது சாதாரணத் தூக்கம், எது இல்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். தூங்குகிற குழந்தையைத் தூக்கினால் சிணுங்கும், கையைத் தட்டிவிடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாந்தியெடுத்த குழந்தை தூக்கினால் துவண்டு விழுந்தால், கூப்பிட்டால் கண் சொருகினால், உடம்பு சில்லென்று வியர்த்தால், விடியும் வரை காத்திருக்காதீர்கள். விழுங்கும் நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் ஒன்றும் விடக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். போனதும், "முதல்ல சுகர் பாருங்க டாக்டர், நேத்து மத்தியானத்திலிருந்து சாப்பிடலை" என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஒரு சொட்டு ரத்தம், அரை நிமிஷ வேலை. கூட்டத்தில் யாருக்கும் தோன்றாமல் போகலாம். ஜுரத்துக்கு வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். முன்னே சொன்ன ரை நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

எழுப்பும்போது படுத்தபடியே ஊட்டாதீர்கள். உட்காரவைத்து, முகத்தை ஈரத் துணியால் துடைத்து, கண் விழித்த பிறகு கொடுங்கள். முதல் இரண்டு வாய்க்கு அழுவான். பால் சாதமோ, பருப்பு நெய் சாதமோ, நாலைந்து வாய் போனால் போதும். ஒரு வயது ஆகாத குழந்தை உள்ள வீட்டில் சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் வேண்டாம். சாப்பிட்டதும் வாயைக் கொப்பளிக்கச் செய்துவிட்டுப் படுக்க வையுங்கள். பல்லைப் பற்றி இன்னொரு சகோதரி எழுதிய கடிதமும் என் மேஜையில் காத்திருக்கிறது.